நாளைப்போவார்களின் படிப்பு

1

என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என்னைத் திட்டுவதற்கு அது வைத்திருந்த பெயர் பெரியபுராணத்திலிருந்து வந்தது. "இந்தா வந்துட்டாரு நாளப்போவாரு. எதக் கேட்டாலும் நாளைக்கிம்பா." குழாயடியில் குடம் வைக்கச் சொன்னாலும், கொடியில் கிடக்கிற துணியை எடுக்கச் சொன்னாலும் நான் சொல்கிற பதில் அதுதான், நாளைக்கு. அந்தப் பெயர் அதற்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்டதில்லை. ஏதாவது கோயில் திருவிழாவில் கேட்ட காலட்சேபமாக இருக்கலாம், விடிய விடியப் பார்த்த நாடகமாக இருக்கலாம்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் கிராமம். டிகிரி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த நாளில் ஒரு இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. பாடம் நன்றாகவே இருந்தது. மூன்றாவது மாதம் ஒருநாள் ராத்திரி செல்போனைத் திறந்து பார்க்கிறேன், பார்க்காத வீடியோ முப்பத்தெட்டு. அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பாயி குரல் காதில் கேட்டது. அது செத்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பருவத்தில் நான்கு பாடத்தில் இரண்டை விட்டேன். கட்டிய பணம் அம்மா மகளிர் குழுவில் வாங்கிக் கொடுத்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. மாமா மகன் மட்டும் சொன்னான்: "ஒனக்கு செல்ஃப் டிசிப்ளின் இல்ல. அவ்வளவுதான் மேட்டரு." அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அதை அப்படியே நம்பினேன். பிறகு ஆறு மாதம் அந்த ஒரு சொல்லைத்தான் படித்தேன் என்று சொல்லலாம். சுய ஒழுக்கம், விடாமுயற்சி, மன உறுதி. இந்தச் சொற்கள் எந்தக் கதைகளிலிருந்து நம்மிடம் வருகின்றன, அந்தக் கதைகளை நாம் சரியாகப் படித்திருக்கிறோமா என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

நாம் நாவலைப் படிக்கிறோம், சிறுகதையைப் படிக்கிறோம், கவிதைக்குச் சண்டை போடுகிறோம். ஆனால் நம்மில் பலர் தினமும் அதிகமாகக் கேட்கிற கதைவகை எது என்று பார்த்தால், அது தன்னம்பிக்கைப் பேச்சு. அதை இலக்கிய வாசகர்கள் கேலி செய்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். கேலி செய்துவிட்டு ராத்திரி தனியாகக் கேட்கவும் செய்கிறார்கள். அதையும் ஒரு கதையாக எடுத்துப் படித்துப் பார்ப்போமே.

அந்தக் கதையின் நாயகன் விடிகாலை நான்கு மணிக்கு எழுகிறான். குளிர்ந்த தண்ணீரில் குளிக்கிறான். செல்போனை வேறு அறையில் வைக்கிறான். இரண்டு மணி நேரம் படிக்கிறான். ஒரு வருடத்தில் வேறு ஆளாகிவிடுகிறான். சரி. இந்தக் கதையில் இல்லாதவர்கள் யார் யார்? அவனுக்கு அம்மா கிடையாது, ஏனென்றால் நான்கு மணிக்கு யாரும் அவனிடம் வாசல் தெளிக்கச் சொல்வதில்லை. தம்பி கிடையாது, ஏனென்றால் அந்த போன் அவன் ஒருவனுடையது. அவனுக்கு "வேறு அறை" என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் போவதில்லை. அறுவடை வருவதில்லை. தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவனை யாரும் அழைப்பதில்லை. ஒரு கதாபாத்திரம் மட்டும் இருக்கிற கதை அது. அதனால் வெற்றியும் அவனுடையது, தோல்வியும் அவனுடையது. இதைவிடச் சுத்தமான கதை இருக்க முடியாது. வாழ்க்கைக்கும் அதற்கும்தான் ஒட்டவில்லை.

அந்தப் பேச்சுக்காரர்கள் தவறாமல் சொல்கிற ஒரு பரிசோதனை உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு இனிப்பைக் கொடுத்து, இப்போது தின்னாமல் காத்திருந்தால் இரண்டாகத் தருகிறேன் என்றார். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று கதை முடியும். அதன் பின்கதையை யாரும் சொல்வதில்லை. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 28 பிள்ளைகளை வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2013இல் வந்த ஆய்வு. இனிப்புக்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். பாதிப் பிள்ளைகளிடம், "இந்தப் பழைய க்ரையானை வச்சுக்கோ, நல்லதா எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி எடுத்து வந்தார்கள். மீதிப் பிள்ளைகளிடம் அதையே சொல்லிவிட்டு, "இல்லப்பா, தீர்ந்துபோச்சு" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதற்குப் பிறகு இனிப்பை வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிடம்.

எனக்கு அது ஆய்வாகத் தெரியவில்லை, எங்க ஊர்க் கதையாகத் தெரிந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறக்க வேண்டும் என்பது டெல்டாவின் நாட்காட்டி. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் தண்ணீர் திறக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம் அது. எங்களுடையது கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலத்தில் திரும்பப் பிரிந்து, எங்களுக்கு வந்து சேரும்போது பாதி ஆசை போயிருக்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிகாலையில் கஜா புயல் வந்தது. தென்னை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. தென்னம்பிள்ளை வைத்து வருடக்கணக்கில் பொறுத்திருந்தவர்களின் பொறுமை ஒரு ராத்திரியில் போனது. "இப்ப கஷ்டப்பட்டா அப்பறம் நல்லா இருக்கலாம்" என்ற வாக்கியம் இந்த மண்ணில் பல தடவை பொய்த்திருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை மூன்று நிமிடத்தில் இனிப்பை எடுத்தால், அதைப் பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு என்பேன்.

3

இப்போது அப்பாயி வைத்த பெயருக்கு வருகிறேன்.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பவர். தில்லைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் தன் பிறப்பு அங்கே நுழைய விடாது என்பது தெரியும். ஆசை எழும், அடங்கும். "நாளை போவேன்" என்று சொல்லிச் சொல்லியே நாள் கழிகிறது. அதுவே அவர் பெயராகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இந்தக் கதையைக் கீர்த்தனையாக்கியபோது சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரை உள்ளே கொண்டுவந்தார். அவர்தான் வேதியர், பண்ணைக்காரர். பாரதி நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்தவர். டெல்டாவில் ஒரு பண்ணையாளின் நாளை யார் கையில் இருந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய நந்தன் தில்லைக்குப் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஒரு வேலிக்கு இருபது மா. நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல். ஒரு ராத்திரியில் சிவனருளால் அது விளைந்து நிற்கிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

இந்தக் கதையைப் பக்தியாகப் படித்திருக்கிறோம். சாதியின் கதையாகவும் படித்திருக்கிறோம், படிக்கத்தான் வேண்டும். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதினார், இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகம் எழுதினார். நான் அதை நேரத்தின் கதையாக ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்கிறேன். தமிழில் காரியத்தைத் தள்ளிப்போடுவதற்கு ஒரு பழைய பெயர் 'நாளைப்போவார்'. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் சோம்பேறி இல்லை. அவரைவிட உழைத்தவர் அந்தக் கதையில் யாரும் இல்லை. அவருடைய 'நாளை' தயக்கத்திலிருந்து வருகிறது. தயக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், இன்றைய நாள் அவருடையதாக இல்லாததிலிருந்து. தன் நேரம் தன் கையில் இல்லாத மனிதன் எதிர்காலத்தில் மட்டும்தான் பேச முடியும்.

இந்தச் சொல் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அதிலிருந்து ஆண்டை காணாமல் போய்விட்டார். ஆளில்லாத திட்டு மட்டும் மிஞ்சியது. 'செல்ஃப் டிசிப்ளின் இல்லை' என்ற சொல்லுக்கும் நடந்தது அதேதான். நாற்பது வேலியை மறைத்துவிட்டு, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்கிறது.

என்னை நந்தனோடு ஒப்பிட்டுக்கொள்ள மாட்டேன். அவன் சுமந்தது வேறு, நான் சுமப்பது வேறு. ஒப்பிட்டால் அது பொய்யாகிவிடும். ஆனால் ஒரு கேள்வியை அவனிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நான் 'நாளைக்கு' என்று சொல்லும்போது, அது யாருடைய நாளை?

4

இதற்கு எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதுவும் டெல்டாவிலிருந்தே. "அப்படிப் பாத்தா உ.வே.சா.வுக்கு என்ன வசதி இருந்துச்சு? அவரு படிக்கலயா?" தமிழில் விடாமுயற்சிக்கு உதாரணம் கேட்டால் முதலில் வருவது அந்தப் பெயர்தான். ஊர் ஊராக அலைந்தார், ஏடு தேடினார், தனி ஆளாகச் சாதித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வந்த தொடர். 1942இல் அவர் இறந்ததால் முடியாமல் நின்றது. முழுப் புத்தகத்தையும் படித்தவர்கள் என் தலைமுறையில் கம்மி. நானும் அந்த இரண்டு பாடங்களை விட்ட கோடையில்தான் படித்தேன். சொல்லப்போனால், வெட்கத்தை மறக்கப் படித்தேன். அதில் தனி ஆள் எங்கே என்று தேடினேன், கிடைக்கவே இல்லை.

அந்தப் புத்தகத்தில் எப்போதும் கூட்டம். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடிக் குடும்பத்தையே ஊர் ஊராக மாற்றுகிற அப்பா. இடம் கொடுக்கிற ஊர்க்காரர்கள். 1871இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறார். அங்கே கூடப் படிக்கிற சவேரிநாத பிள்ளை. பிறகு திருவாவடுதுறை மடம், அங்கே சுப்பிரமணிய தேசிகர். அடுத்த வேளைச் சோறு எங்கே என்பது அந்த நூலில் பாடத்துக்குச் சமமாக வருகிறது. நடுவில் அம்மை போடுகிறது, தாத்தா ஊரான சூரியமூலைக்குப் போய்க் கிடக்கிறார். கல்யாணக் கடன் கழுத்தை நெரிக்கிறது, பாடத்தை விட்டுவிட்டுக் காரைக்குப் போய்த் திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்து சம்பாதிக்கிறார். இன்றைய மொழியில் சொன்னால் 'பிரேக்' எடுத்தார். திரும்ப வந்தார். வந்தபோது ஆசிரியர் இருந்தார், சக மாணவர்கள் இருந்தார்கள், உட்கார்ந்த இடம் அப்படியே இருந்தது. பிள்ளை 1876இல் இறக்கும்வரை அவரிடமே படித்தார்.

நூலில் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, படிப்பு முடிந்த பிறகு வருகிற இடம். 1880இல் உ.வே.சா. கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராகிவிட்டார். அந்த வருடம் அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் என்கிற முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். என்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்கிறார். இல்லை. அந்த 'இல்லை'யிலிருந்துதான் அடுத்த அறுபது வருடம் தொடங்குகிறது. முதலியார் கேட்டதோடு விடவில்லை. கையெழுத்துப் பிரதி கொடுத்தார், உட்கார்ந்து பாடம் கேட்டார். கும்பகோணத்துச் சமணர்கள் புரியாத இடங்களைச் சொல்லித்தந்தார்கள். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது.

உ.வே.சா.வின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏழு வருடம் ஒரு நூலோடு கிடப்பதற்கு அவர் ஒருவரால்தான் முடிந்தது. ஆனால் அந்த உழைப்புக்கு ஒருவர் கேட்ட கேள்வி தேவைப்பட்டது. அடுத்த வாரம் வந்து உட்கார்ந்து கேட்கிற காது தேவைப்பட்டது. அவரே தன் கதையில் அத்தனை பேரையும் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். நாம்தான் பாடப்புத்தகத்துக்காக அவர்களை வெட்டிவிட்டு ஒரு தனி வீரனைச் செய்துகொண்டோம்.

வெட்டப்படாத பிரதியைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். அந்தக் கூட்டத்துக்குள் யார் வர முடிந்தது, யார் வர முடியவில்லை. கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளைக்கு அங்கே இடம் இருந்தது. வயலில் இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் இல்லை. என் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். அதனால் பழைய குருகுலத்தைப் பார்த்து ஏங்குவதற்கு எனக்கு உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை. அந்தத் திண்ணை எனக்கு வேண்டாம். அதில் இருந்த ஆட்கள் வேண்டும்.

5

இணையக் கல்வி அந்தத் திண்ணையின் கதவை உடைத்தது. அதை மறுத்தால் நான் நன்றி கெட்டவள். 2003இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல்லில் இருக்கிற வகுப்புகளை, எந்த நுழைவுத் தேர்வும் எழுதாத நான் மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க முடிகிறது. 2020 ஜூன் 30ஆம் தேதி ஐஐடி மெட்ராஸ் ஜேஇஇ இல்லாமல் சேரக்கூடிய இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. அந்த ஜூன் மாதம் 12ஆம் தேதிதான் எட்டு வருடத்துக்குப் பிறகு மேட்டூர் சொன்ன தேதியில் திறந்தது. ஒரே மாதத்தில் இரண்டு மடை திறந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் மடை திறப்பது வேறு, கடைமடைக்குத் தண்ணீர் ஏறுவது வேறு. ஒன்றிய அரசு 2017 ஜூலை 9ஆம் தேதி தொடங்கிய தளத்தின் பெயரைக் கவனியுங்கள்: ஸ்வயம். 'தானே' என்று அர்த்தம். பெயரிலேயே எல்லாப் பொறுப்பும் மாணவர் தலையில் இருக்கிறது. தானே படித்தவர்கள் எத்தனை பேர்? ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவச இணையப் பாடங்களின் கணக்கை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரெஸ் வலியன்டேயும் 2019இல் வெளியிட்டார்கள். 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். பணம் கட்டிச் சரிபார்த்த சான்றிதழுக்காகப் படித்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்தாறு. பணம் கட்டியவர்கள் முன்பே உறுதியோடு வந்தவர்களாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், உலகம் பூராவும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு ஒழுக்கம் இல்லை என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். ஓட்டை வேறு எங்கோ இருக்கிறது.

வீடியோவுக்குக் கண் கிடையாது. நான் தூங்கினாலும் அது பேசும். நான் வராவிட்டால் அதற்குத் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது அதன் பெருமை. எப்போது வேண்டுமானாலும் என்பது எங்கள் வீட்டில் கடைசியில்தான் வரும். சமையலுக்கு நேரம் உண்டு, தண்ணீர் வருவதற்கு நேரம் உண்டு, தம்பி வகுப்புக்கு நேரம் உண்டு. நேரம் குறிக்காத காரியம் ஒன்றே ஒன்றுதான், என் படிப்பு. ஆகவே எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். "நீ அப்பறம் பாத்துக்கலாம்ல?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. பார்த்துக்கொள்ளலாம்தான்.

இதை அந்தப் படிப்புகளை நடத்துகிறவர்களும் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஐஐடி மெட்ராஸ் படிப்பில் பாடம் இணையத்தில், ஆனால் வாராவாரம் ஒப்படைப்புக்குக் கெடு உண்டு, தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். என்பிடெல் கல்லூரிகளில் லோக்கல் சாப்டர் என்று வைத்து அங்கே ஒருவரைப் பொறுப்பாக்குகிறது. கெடு, இடம், ஆள். திண்ணையில் இருந்த மூன்றையும் சுற்றி வளைத்துத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

என் சித்தி தொண்ணூறுகளில் அஞ்சல் வழியில் பி.லிட். படித்தது. தபாலில் வருகிற புத்தகக் கட்டு, வருடத்துக்குச் சில நாள் நேர்முக வகுப்பு, அவ்வளவுதான். எப்படி முடித்தாய் என்று கேட்டேன். "நானா முடிச்சேன்? பஸ்ஸுல ரெண்டு டீச்சரு கூட வருவாங்க. அவங்களும் அதே கோர்ஸு. ஒருத்தி நோட்ஸு எடுப்பா, ஒருத்தி கேள்வி கேப்பா, நான் பதில் சொல்லுவேன். திருத்துறைப்பூண்டியிலேர்ந்து திருவாரூருக்குள்ள ஒரு பாடம் முடிஞ்சிரும்." மீனாட்சிசுந்தரம் பிள்ளையே தண்டியலங்காரத்தை வீடு வீடாகப் பிச்சை எடுத்த ஒரு பரதேசியிடம், அவர் பின்னாலேயே போய்ப் பாடம் கேட்டவர் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். படிப்பு தெருவிலும் பஸ்ஸிலும் நடக்கும். ஆள் இல்லாத இடத்தில்தான் நடக்க மாட்டேன் என்கிறது.

6

இதையெல்லாம் மாமா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி. அந்த முப்பத்தெட்டு வீடியோ பாக்காத அன்னிக்கி எத்தன ரீல்ஸ் பாத்தே?" என்றான்.

பதில் இல்லை. இந்தக் கட்டுரைக்கு அந்தக் கேள்வி தேவை, அதனால் எழுதுகிறேன். நாளையில் இரண்டு வகை. ஒன்று ஆண்டை சொல்கிற நாளை. இன்னொன்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வது. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பது சுலபம். என்னைப் போல் நாலு புத்தகம் படித்தவர்களுக்கு இன்னும் சுலபம். ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்குக் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தை யாரும் பிடுங்கவில்லை. அதை நான்தான் கொடுத்தேன். ஆண்டை இல்லாத நேரத்திலும் ஆண்டை இருப்பதுபோல் நடந்துகொள்வது ஒரு பழக்கம். அதையும் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அதற்கு மருந்து மன உறுதி என்று இப்போதும் நான் நம்பவில்லை. எங்க அப்பாவைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். அப்பாவுக்கு மன உறுதி என்று பெரிதாக எதுவும் கிடையாது. பீடியை விடுகிறேன் என்று ஐந்து பொங்கலாகச் சொல்கிறது. ஆனால் தண்ணீர் தட்டுப்பாட்டு வருடத்தில் முறை வைத்துப் பாய்ச்சும்போது, நம்ம முறை ராத்திரி இரண்டு மணி என்றால் ஒன்றே முக்காலுக்கு அப்பா மம்பட்டியோடு வரப்பில் நிற்கும். அலாரம் கிடையாது. எழுப்ப ஆள் கிடையாது. மேல் வயல்காரர் இரண்டு மணிக்கு மடையை அடைத்துவிட்டுப் போவார், கீழ் வயல்காரர் நாலு மணிக்கு வந்து நிற்பார். நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரம் அப்பாவுடையது. இரண்டு பக்கமும் ஆள் நிற்பதால்தான் அது அப்பாவுடையது. இதைச் சுய ஒழுக்கம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. முறை என்கிறார்கள்.

அதைத்தான் படிப்புக்குச் செய்து பார்த்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் வேறொரு இணையப் படிப்பில் இருக்கிறாள், வேறு பாடம். இன்னொருவன் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். மூன்று பேரும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்வது என்று வைத்துக்கொண்டோம். பேசுவதில்லை. ஆறரைக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம், இன்று என்ன படித்தோம் என்று மற்ற இருவருக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். என் பாடம் அவர்களுக்குத் தெரியாது என்பதே நல்லதாகப் போனது. புரியாத இடத்தில் அவர்கள் முகம் மாறும். வீடியோவால் அதைச் செய்ய முடியாது. காலையில் சிக்னல் நன்றாக இருக்கும்போது அன்றைய வீடியோவை இறக்கிவைத்துக்கொள்வது. வீட்டில் "அப்பறம் பாத்துக்கலாம்ல" என்றால், "முறை இருக்கு" என்று சொல்வது. அம்மாவுக்கு டேட்டா சயின்ஸ் புரியாது, முறை புரியும். அறுவடையில் பதினேழு நாள் விட்டுப்போனது. திரும்ப வந்தபோது மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காரையிலிருந்து உ.வே.சா. திரும்பி வந்த பக்கங்கள் எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தன.

இது எல்லோருக்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. சித்தி வீட்டுத் திண்ணை எல்லோருக்கும் கிடைக்காது. ஐந்து மணிக்குத் துணிக்கடையில் நின்றுகொண்டிருக்கிற பெண்களுக்கு எந்த முறையும் நான் சொல்லித்தர முடியாது. அவர்களுக்கு வேண்டியது எட்டு மணி நேர வேலை. அதை ஊக்கப் பேச்சு வாங்கித் தராது. ஆனால் ஒருவரின் படிப்பு நின்றுபோனால், முதலில் அவருடைய மனதைத் தோண்டாமல் அவர் நேரத்துக்கு இரண்டு பக்கமும் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். அதற்கு நம்முடைய பழைய கதைகளை வெட்டாமல் படித்தாலே போதும்.

போன மாதம் விட்டுப்போன இரண்டு பாடத்துக்கும் தேர்வு எழுத ஊரிலிருந்து விடிகாலை பஸ் ஏறினேன். ஒன்று தேறிவிட்டது. ஒன்று இல்லை. முடிவு வந்த அன்று அம்மா கேட்டது, "திரும்ப எப்பம்மா எழுதணும்?" வாயில் நாளைக்கு என்றுதான் வந்தது. அப்பாயி இருந்திருந்தால் சிரித்திருக்கும். அப்புறம் தேதியைச் சொன்னேன். அம்மா அதை நாட்காட்டியில் மின்சாரக் கட்டணம் கட்டுகிற தேதிக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறது.